முசிறியில் ஒரு பிடி சாம்பல்

திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், வழியெல்லாம் வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். காவேரி அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். நடுவில் குணசீலம் வரும், கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். சுமார் 40 கிலோமீட்டர் போனால் முசிறி. அக்கரையில் குளித்தலை.

முசிறியில் எதைப் பார்க்கப் போனேன் என்று கேட்கிறீர்களா? கழிப்பறையைப் பார்க்கப் போனேன்! முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. நாள் தவறாமல் எல்லோரும் போகும் இடம். அதைப் பற்றிப் பேசத்தான் வெட்கம்.

ஆற்றங்கரை ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அதுவேதான் சங்கடம். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. அங்கே மலக்குழியை இறக்கினால், குழியில் இருப்பது பக்கத்துக் கிணற்றுக்குப் பிரயாணம் புறப்பட்டுவிடும். ஆகவே குழியே தோண்டாமல், தரைக்கு மேலே கட்டும் உலர் கழிப்பறையை இந்த வட்டாரத்தில் பரப்பினார், 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அத்தகைய கழிப்பறை உள்ள ஒரு வீட்டுக்குப் போனேன். கொல்லைக் கோடியில் நாலு படி ஏறினால் சிறு அறை. அடியில் சிமெண்ட் பூசிய இரண்டு தொட்டிகள். மேலே தொட்டிக்கு ஒரு துவாரம், அதற்கு மூடி. மலம் துவாரத்தில் விழும். சிறுநீர் முன்புறப் பள்ளத்தில் இறங்கிக் குழாய் வழியாக வெளியே உள்ள குடத்துக்குப் போய்விடும். கால் கழுவ ஓர் அடி நகர்ந்து உட்கார வேண்டும்; அந்தத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்கு. எழுந்ததும் கொட்டாங்கச்சியால் சாம்பலை அள்ளித் துவாரத்தில் போட்டு மூடிவிட வேண்டும். அவ்வளவுதான்!

மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவன் கையை எடுத்துவிட்டேன். நாற்றமே இல்லை.

"ஈரம் சேர்ந்தால்தான் சார் நாற்றம். உதாரணம் சொல்லக்கூடாதுதான்... ஊறுகாய் ஜாடியிலே ஈரக் கரண்டியைப் போடுவோமா? அந்த மாதிரி" என்று சிரித்தார் அந்த வீட்டு அம்மாள்.

ஒருமுறை விசேஷத்துக்கு வந்த பட்டணத்து உறவினர் பழக்க தோஷத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் துவாரத்தில் ஊற்றிவிட்டாராம். ஒரு வாரம் ஈயும் நாற்றமும். சாம்பலும் சருகும் கொட்டிக் கொட்டித்தான் சரிப்படுத்தினார்களாம். அதிலிருந்து விருந்தாளி வந்தால், காபிக்கு முன்னால் கழிப்பறைப் பாடம்! கேஸ் அடுப்பு வந்தபின் சாம்பலுக்கும் திண்டாட்டம். அரிசி ஆலையிலிருந்து மூட்டையாக வாங்கி வைக்கிறார்கள்.

ஒரு தொட்டி நிறைய ஏறக்குறைய ஒரு வருஷம். பிறகு அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். மூடியது இன்னும் ஒரு வருஷம் சும்மா கிடக்கும். அவசரப்படக்கூடாது. சாம்பலின் காரமும் வறட்சியும் கிருமிகளைக் கொன்றாலும், குடல் புழுக்களின் முட்டைகள் எளிதில் சாகா.

திண்ணையில் இருந்த மாமியார் அதுவரை பேசவில்லை. மெல்ல ஆரம்பித்தார்:

"நான் இதைக் கட்டவே வேண்டாம்னேன், தம்பி. என் பிறந்த வீட்டிலே எடுப்புக் கக்கூஸ். விடியற்காலம் பின் சந்து வழியா ஒருத்தி வருவா. கூடையிலே அள்ளித் தலையிலே வச்சுண்டு போவா. அவ முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மறுபடியும் அந்தப் பாவம் நமக்கெதுக்குன்னேன்."

மூடிய தொட்டியைத் திறக்கும் நாளும் வந்தது. யாராவது ஆள் கிடைப்பார்களா என்று மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். மருமகள் வழிமறித்தாராம். "நம்ம வீட்டுதுக்கு இன்னொருத்தர் எதுக்கு? பயமாயிருந்தா நீங்க தள்ளி நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று மண்வெட்டியை எடுத்துவிட்டார். உள்ளே இருந்தது கருத்த பொடி மண். வாசனையும் மழை பெய்த மண் வாசனைதான். அப்புறம் கணவரும் கூடைக்கு வந்தார். வாழைக்கும் தென்னைக்கும் போட்டார்கள். கீரைப் பாத்திக்குப் போடுவதில்லை.

உலர் கழிப்பறைகளில் மனிதரை விட்டு மலம் அள்ளச் செய்வதை 1993-லேயே சட்டம் தடுத்தது. 2013-ல் வந்த சட்டம் இன்னும் கண்டிப்பாக, முழுவதும் மக்குவதற்கு முன் மனிதர் கையால் அள்ள வேண்டிய கழிப்பறைகளையெல்லாம் தள்ளிவிட்டது. இந்த வீட்டில் நடுவே நிற்பது அந்த ஒரு வருஷப் பொறுமைதான். அது தவறினால் மாமியார் சொன்ன பாவம் திரும்பி வந்துவிடும்.

கிளம்பும்போது கொல்லை வாழைப்பழம் இரண்டு கொடுத்தார்கள். ஒரு கணம் தயங்கினேன். பிறகு சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

"பட்டணத்திலே உங்க வீட்டுது எங்கே போறது, தம்பி?" என்று கேட்டார் மாமியார்.

"குழாயில் போகிறது, பாட்டி."

"அப்புறம்? குழாய் அடைச்சா?"

அடைத்தால் உள்ளே இறங்குகிறவர்களைப் பற்றியும், ஏறி வராமலே போனவர்களைப் பற்றியும் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நானும் பார்த்ததில்லை. பாட்டிக்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?