எலி பிடித்த கதை!

(இறுதியாண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



தலைப்பைப் பார்த்ததும் ஹாஸ்டல் மெஸ் சமாச்சாரம் என்று நினைத்து ஓடி வந்திருந்தால் மன்னிக்கவும். இது அந்த எலி இல்லை. வாலில்லாத எலி. அதாவது ஒயர்லெஸ் மவுஸ். அதைப் பிடிக்கப் போய் நான் பிடிபட்ட கதைதான் இது.

என் அக்கா ஒரு ஜெராக்ஸ் - டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறாள். ஊர் அருப்புக்கோட்டை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வழியாகத்தான் வெளியே போகும். நான் ஒவ்வொரு செமஸ்டருக்கும் பரீட்சை பீஸ் கட்டுவது அவள் சம்பளத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் பணயமே அந்தச் சம்பளம்தான்.

போன வருடம் கடை முதலாளி பழைய மவுஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒயர்லெஸ் மவுஸ் வாங்கி வைத்தார். நாலு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஆரம்பித்தது வினை. அம்புக்குறி ஓடும், நடுவில் நிற்கும், திடீரென்று தாவும். பத்துத் தடவை கிளிக் செய்தால் நாலைந்து தடவை காது கேட்காதது போல் இருக்கும்.

இந்த நிலைமையில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. 300 காப்பி. புரூஃப் பார்த்து ஓ.கே. சொன்ன பிறகு பெண் வீட்டார் ஒரு இனிஷியலை மாற்றச் சொன்னார்கள். அக்கா மாற்றும்போது மவுஸ் நடுவில் மக்கர் பண்ணியதில், முகூர்த்த நேரம் இருந்த வரி லேசாகக் கீழே இறங்கி, பூ பார்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. யாரும் கவனிக்கவில்லை. அச்சாகி வந்த பிறகு பார்த்தால்... தேதி இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, முகூர்த்த நேரத்தைக் காணோம்!

முதலாளி சொன்ன தீர்ப்பு: "300 பத்திரிகைக்கான காசு 1,800 ரூபாய் உன் சம்பளத்துலதான் பிடிப்பேன். மவுஸையும் நீதான் எங்கயோ கீழ போட்டிருக்கே."

அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "காசு போனாக்கூடப் பரவாயில்லடா. நான் கீழயே போடல. போட்டேன்னு சொல்றாரே, அதுதான்..." என்று முடிக்காமல் நிறுத்திவிட்டாள்.

நமக்கு வந்ததே வீரம்! "அக்கா, நான் எதுக்கு இ.சி.இ. படிக்கிறேன்? சனிக்கிழமை வர்றேன். ஒரு மணி நேரத்துல சரி பண்றேன்" என்றேன்.

அப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "காலைல கடை திறக்கிறப்ப நல்லாத்தாண்டா இருக்கு. பதினோரு மணிக்கு முதலாளி வந்து அந்த டிஸ்க்குப் பெட்டியைச் செருகுவாரு. அதுக்கப்புறம்தான் இப்படிப் பண்ணுது."

நான் சிரித்துவிட்டேன். "டிஸ்க் ஒயர்ல வேலை செய்யுது. மவுஸ் காத்துல வேலை செய்யுது. ரெண்டுக்கும் என்னக்கா சம்பந்தம்? பேட்டரி வீக்கா இருக்கும்."

நண்பர்களே, இந்த வசனத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், புது பேட்டரி. போனதும் போகாததுமாகப் பேட்டரியை மாற்றினேன். சோதிக்க நானே ஒரு வழி வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, 1 என்ற பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்து, நிதானமாகப் பத்து முறை கிளிக் செய்வது. திரையில் எத்தனை 1 விழுகிறதோ அத்தனை மார்க். காசு செலவில்லாத டெஸ்டிங் கருவி!

பத்துக்குப் பத்து! "பார்த்தியாக்கா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பதினொன்றரைக்கு அக்கா போன் பண்ணினாள். "தம்பி, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு."

நான் செய்த தப்பு என்ன தெரிகிறதா? பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கவே இல்லை. காலையில் பழைய பேட்டரி போட்டிருந்தாலும் பத்துக்குப் பத்துதான் வந்திருக்கும். நோய் இல்லாத நேரத்தில் மருந்து கொடுத்துவிட்டு, நான்தான் குணப்படுத்தினேன் என்று சொன்ன வைத்தியன் கதைதான்.

திரும்பப் போய்ச் சோதித்தேன். பத்துக்கு 5.

கடை மேஜையில் கண்ணாடி போட்டிருந்தார்கள். மவுஸின் அடியில் இருக்கும் சென்சார், கீழே உள்ள பரப்பைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. தெளிவான கண்ணாடியில் படம் பிடிக்க ஒன்றுமில்லாததால் தடுமாறும். அதனால் ஒரு வெள்ளைத்தாளை விரித்துப் பார்த்தேன். அப்போதும் 5. யோசித்தால் அது தேவையே இல்லாத சோதனை. சென்சார் கோளாறு என்றால் அம்புக்குறி மட்டும்தான் தடுமாறும். கிளிக் சரியாகப் போகும். இங்கே கிளிக்கும் சேர்ந்து காணாமல் போகிறது. அப்படியானால் மவுஸ் பேசுவது ரிசீவருக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஹாஸ்டல் நண்பன் ஒருவனிடம் வாங்கி வந்திருந்த ஒயர்லெஸ் மவுஸை அதன் ரிசீவரோடு மாட்டினேன். பத்துக்கு 6. அதுவும் அதே பாடு! பழைய ஒயர் மவுஸை மாட்டினேன். பத்துக்குப் பத்து.

இந்த இடத்தில் அக்காவின் மேல் இருந்த பழி போய்விட்டது. கீழே விழாத வேறொரு மவுஸும் அதே மாதிரி திணறுகிறது என்றால் மவுஸில் கோளாறு இல்லை. ஒயர் மவுஸ் ஓடுகிறது என்றால் கம்ப்யூட்டரிலும் இல்லை. நடுவில் இருக்கும் காற்றில்தான் ஏதோ நடக்கிறது.

* * *

நாம் படித்த பாடத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். 1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை மக்கள் முன் இயக்கிக் காட்டியபோது அதற்கு வால் இருந்தது. 1991-ல் லாஜிடெக் கம்பெனி ரேடியோ அலையில் இயங்கும் மவுஸைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் ஒயர்லெஸ் மவுஸ்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. வைஃபை, புளூடூத் எல்லாம் இதே பட்டையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு கூட 2.45-ல்தான் இயங்குகிறது.

சி.பி.யூ. மேஜைக்கு அடியில் தரையில் இருந்தது. ரிசீவர் அதன் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி. மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் முழுசாக ஒரு இரும்புப் பெட்டி! திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி நாலில் ஒரு பங்காகும் என்று படித்திருக்கிறோம். இங்கே தூரத்தோடு இரும்பும் சேர்ந்துகொண்டது. சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நாலு மாதம் இதே இடத்தில் இருந்துகொண்டு எப்படி ஓடியது? அதற்குப் பதில் இல்லை.

குனிந்து பின்பக்கம் பார்த்தேன். ரிசீவர் கறுப்பு போர்ட்டில் இருந்தது. பக்கத்தில் இரண்டு நீல போர்ட். அதில் ஒன்றில் முதலாளியின் டிஸ்க். இன்னொன்று காலி. 'நீலம்னா யூ.எஸ்.பி. 3.0, வேகம் ஜாஸ்தி, மவுஸும் வேகமா ஓடும்' என்று ரிசீவரைப் பிடுங்கி அந்த நீல போர்ட்டில் செருகினேன்.

பத்துக்கு 2!

நல்ல போர்ட்டில் போட்டால் இன்னும் மோசம். எனக்குத் தலை சுற்றியது. அந்த நேரம் பார்த்து முதலாளி, "டிஸ்க்கை எடுத்துக் கொடும்மா, பிளெக்ஸ் அடிக்கிற இடத்துக்குப் போயிட்டுச் சாப்பிட்டு வர்றேன்" என்று வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சும்மா இருக்கட்டுமே என்று கிளிக் செய்தேன். பத்துக்குப் பத்து. மறுபடியும். பத்துக்குப் பத்து.

அக்கா ஒன்றும் பேசவில்லை. காலியாக இருந்த போர்ட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு மல்டிமீட்டரில் ரேஞ்சு கிடையாது!

* * *

முதலாளி திரும்பி வந்ததும் கெஞ்சிக் கேட்டு டிஸ்க்கை வாங்கினேன். செருகினேன், பைல் காப்பி ஓடவிட்டேன்: 2. எடுத்தேன்: 10. மறுபடி செருகினேன்: 3. எடுத்தேன்: 10. மூன்றாம் முறை முதலாளியையே கிளிக் செய்யச் சொன்னேன். அவருக்கும் அதேதான்.

விஷயம் இதுதான் நண்பர்களே. 2008-ல் வந்த யூ.எஸ்.பி. 3.0-ல் தகவல் ஒரு வினாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் சிக்னல் கனெக்டர், கேபிள், டிஸ்க்கின் கூடு வழியாகக் கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. கசியும் இரைச்சல் ஒரே அலைவரிசையில் இல்லாமல் அகலமாகப் பரவுவதால், 2.4 ஜிகாஹெர்ட்ஸும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. மவுஸின் சிக்னல் இருக்கும் அதே பட்டையில் இரைச்சலும் இருப்பதால் பில்டர் போட்டும் பிரிக்க முடியாது. ஒயர்லெஸ் மவுஸ் போன்ற கருவிகளை இது பாதிக்கிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. நான் அதைப் படித்தது வீட்டுக்குப் போன பிறகு!

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பவர்லூம் ஓடுகிற வீட்டில் தறிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை வாசலில் இருந்து கூப்பிட்டுப் பாருங்கள். கேட்காது. கூப்பிடுகிறவர் தொண்டையில் குறையா? இல்லை. கேட்கிறவர் காதிலும் குறை இல்லை. காது தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதுதான் குறை. தொண்டைக்கு மருந்து கொடுத்து என்ன பயன்? ஆளை நாலடி தள்ளி நிற்க வைத்தால் போதும்.

மவுஸ்தான் தொண்டை. ரிசீவர்தான் காது. டிஸ்க்குதான் தறி. நான் காலையிலிருந்து தொண்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல போர்ட்டில் மாட்டியபோது காதைத் தறிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தேன்!

ரிசீவரை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றினேன். டிஸ்க் ஓடும்போதே 8. அப்புறம் ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி வந்தேன். சாதாரண 2.0 கேபிள். மவுஸ் அனுப்பும் கொஞ்சூண்டு தகவலுக்கு அதுவே தாராளம். ரிசீவரை மேஜைக்கு மேல், மானிட்டர் ஓரமாக ஒட்டினேன். டிஸ்க் ஓடுகிறது, காப்பி ஓடுகிறது. பத்துக்குப் பத்து. அன்றிலிருந்து இன்றுவரை அப்படியேதான்.

முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "டீ சாப்பிடுறியா தம்பி?" என்றார். ஆனால் மாதக் கடைசியில் அக்காவுக்கு முழுச் சம்பளம் வந்தது. கவரை எண்ணிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

* * *

உங்களுக்கும் இந்தத் தொல்லை வந்தால் என் வரிசையில் செய்யாதீர்கள். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எதையும் மாற்றும் முன் சோதித்து, எண்ணை எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

2. அம்புக்குறி மட்டும் தடுமாறுகிறதா, கிளிக்கும் காணாமல் போகிறதா? முதலாவது என்றால் பரப்பையும் சென்சாரையும் பாருங்கள். இரண்டாவது என்றால் பேட்டரி, அப்புறம் ரேடியோ வழி.

3. ஒயர் மவுஸை மாட்டிப் பாருங்கள். அது ஓடினால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

4. ரிசீவரை இரும்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, மவுஸ் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

5. பக்கத்தில் 3.0 டிஸ்க்கோ பென் டிரைவோ இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். குணம் தெரிந்தால் எக்ஸ்டென்ஷன் கேபிள்தான் மருந்து.

6. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கம்ப்யூட்டரில் தினம் உட்காருகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பற்றி நான் பரீட்சையில் இரண்டு முறை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது கண் முன்னால் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. இ.சி.இ. படிக்காத என் அக்காவுக்குத் தெரிந்தது. அவள் கவனித்தாள், நான் பேசிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சரியான சிக்னல் அவளிடமிருந்து வந்தது. இரைச்சல் நான்தான்.

இந்த செமஸ்டர் பீஸுக்குப் பணம் கொடுக்கும்போது அக்கா சொன்னாள்: "உங்க காலேஜ்ல காது குடுத்துக் கேக்கிறதுக்கு ஒரு பேப்பர் வைக்கச் சொல்லுடா. நீ அதுல அரியர்."

ஒத்துக்கொள்கிறேன் நண்பர்களே. எழுதிக்கொண்டிருக்கிறேன். பாஸ் ஆனதும் சொல்கிறேன்!