ஒட்டகச்சிவிங்கிக்குப் படகு விட்டார்கள்... தாத்தா ஒரு கேள்வி கேட்டார்!

ஒட்டகச்சிவிங்கி ஒன்று படகில் போகும் வீடியோ. பழசுதான். போன வருடம் மறுபடியும் வைரலானது. டிஜிட்டல் டெஸ்க்கில் காலை ஷிஃப்ட்டில் இருந்த நான், 'படகு சவாரி போன ஒட்டகச்சிவிங்கி... நெட்டிசன்கள் குஷி!' என்று தலைப்பு வைத்து ஆறு வரி எழுதினேன். கால் மணி நேர வேலை. அன்று எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்தது அதைத்தான்.

அப்பா பெருமையாக அந்த லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். சாயங்காலம் ஊரிலிருந்து தாத்தாவின் போன். பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டினானாம்.

"ஏம்மா, அதைப் படகுல ஏத்தி இக்கரைக்குக் கொண்டாந்து விட்டாங்கன்னு போட்டிருக்கியே... இக்கரையில இருக்கற ஜனங்க என்ன சொன்னாங்க?"

"அது தெரியலை தாத்தா. வீடியோவுல இல்லை."

"அதுதானேம்மா சேதி?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

தாத்தாவுக்கு தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ராகிதான் போடுவார். கதிர் பிடிக்கும் நேரத்தில் கர்நாடகாவின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்துவிடும். அறுவடை முடியும்வரை தாத்தாவுக்கு ராத்தூக்கம் பரண் மேல்தான். ஒரு டார்ச் லைட், ஒரு தகர டப்பா, கொஞ்சம் பட்டாசு. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி, துரத்திய யானைக்குப் பயந்து ஓடும்போது வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், ஆறு மாதம் படுக்கை. அதற்குப் பிறகும் ராகி போடுகிறார். 'நிலத்தை விற்றுவிடலாம்' என்று அப்பா சொல்லாத மாதமில்லை.

இத்தனைக்குப் பிறகும் தாத்தா யானையை 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அவரு வந்துட்டுப் போயிட்டாரு' என்பார். ஆனால், செய்தி எழுதும் நான்? ஓசூர் பக்கத்திலிருந்து தகவல் வந்தால் என் விரல்கள் தானாகவே 'காட்டு யானைகள் அட்டகாசம்' என்று டைப் செய்துவிடும். தாத்தாவின் இடுப்பு முறிந்த வாரத்திலும் ஏதோ ஒரு டெஸ்க்கில் யாரோ ஒருவர் அப்படித்தான் டைப் செய்திருப்பார்.

மறுநாள் லீவ். அந்தப் படகின் கதையை முதலிலிருந்து தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

கென்யாவில் பரிங்கோ என்றொரு ஏரி. அதன் கரையில் இல் சாமுஸ், போகோட் என்று இரண்டு சமூகங்கள். கால்நடைத் திருட்டு, பதிலுக்குப் பதில் என்று பல வருடப் பகை. இரண்டு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இரு ஊர்களின் பெயரிலிருந்தும் எழுத்துகளை எடுத்து 'ருகோ' என்று ஒரு காப்பகம் தொடங்கினார்கள். அந்தப் பகுதியில் அற்றுப்போயிருந்த ரோத்சைல்டு வகை ஒட்டகச்சிவிங்கிகள் எட்டு, 2011-ல் அங்கே கொண்டுவரப்பட்டன. காவலுக்கு இரு சமூகத்து இளைஞர்களும் சேர்ந்தே போனார்கள். நேற்றுவரை எதிரெதிரே நின்றவர்கள்!

பிறகு ஏரியின் நீர்மட்டம் ஏற ஆரம்பித்தது. ஒட்டகச்சிவிங்கிகள் இருந்த இடம் தீவாகி, தீவும் சுருங்கிக்கொண்டே வந்தது. காவலர்கள் படகில் தீனி கொண்டுபோய்ப் போட்டார்கள். கடைசியில், காலி டிரம்களின் மேல் இரும்புச் சட்டம் கட்டி, நான்கு பக்கமும் உயரமாக அடைத்து ஒரு மிதவை செய்தார்கள். அதன் மேல் தீனி வைத்து, ஒட்டகச்சிவிங்கிகளை ஏறி இறங்கப் பழக்கினார்கள். 2020 டிசம்பரில் 'அசிவா' என்ற பெண் ஒட்டகச்சிவிங்கி முதலில் கரை சேர்ந்தது. 2021 ஏப்ரலுக்குள் ஒன்பதும் வந்துவிட்டன. நான் 'சவாரி' என்று எழுதியது இதைத்தான்.

தாத்தாவுக்கு போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பகையாளிங்க ரெண்டு பேரும் ஒண்ணா காவல் காத்தாங்களா? அப்ப சரி. ஆனா ஒட்டகச்சிவிங்கி நம்ம ராகியத் திங்காதேம்மா. யானைக்கு என்ன பண்றாங்க அங்க?"

மறுபடியும் தேடல்.

கென்யாவில் 1970-களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்த யானைகள், தந்த வேட்டையால் 1989-ல் சுமார் 16,000-க்கு வந்துவிட்டன. 2021 கணக்கெடுப்பில் 36,280. எண்ணிக்கை ஏறியது நல்ல சேதி. ஆனால், யானைகள் பெருகும் இடத்தில்தான் மக்களின் வயல்களும் ஆடு மாடுகளும் பெருகியிருக்கின்றன. அங்கேயும் பரண் உண்டு, டார்ச் உண்டு, தூங்காத ராத்திரிகள் உண்டு.

வடக்கே சம்புரு மக்களின் நமுன்யாக் பகுதியில், 2016-ல் 'ரெடெட்டி' என்ற யானைக்குட்டிகள் காப்பகம் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் உள்ளூர் மக்களே சொந்தமாக நடத்தும் முதல் யானைக் காப்பகம் அது. வறண்ட ஆற்று மணலில் சம்புரு மேய்ப்பர்கள் ஆளுயரத்துக்கும் மேல் கிணறு தோண்டி, பாட்டுப் பாடிக்கொண்டே மாடுகளுக்குத் தண்ணீர் இறைப்பார்கள். ராத்திரியில் யானைகளும் அந்தக் கிணறுகளைத் தேடி வரும். குட்டிகள் தவறி விழும். முன்பெல்லாம் மீட்ட குட்டிகளைத் தூரத்து நைரோபிக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது அந்த ஊர்ப் பையன்களும் பெண்களுமே வளர்த்து, அதே காட்டில் விடுகிறார்கள். தாயில்லாத ஒட்டகச்சிவிங்கிக் குட்டிகளும் அங்கே வளர்ந்திருக்கின்றன.

எனக்குப் பிடித்தது அங்கே பால் வரும் வழி. ஆரம்பத்தில் குட்டிகளுக்குப் பால் பவுடர்தான். கொரோனா காலத்தில் அது கிடைப்பது சிரமமானபோது, ஆட்டுப்பாலுக்கு மாறினார்கள். இன்று சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் ஆட்டுப்பாலை ரெடெட்டிக்கு விற்கிறார்கள். யானைக்குட்டி பிழைத்தால் அந்த வீடுகளில் அடுப்பு எரிகிறது.

தெற்கே சாவோ தேசியப் பூங்காவின் ஓரம், சகல்லாவில் வேறொரு வழி. யானை தேனீக்கு பயப்படும் என்பது கென்ய மேய்ச்சல்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். லூசி கிங் என்ற ஆய்வாளர் அதை வேலியாக்கினார். வயலைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு தேன்கூட்டுப் பெட்டி, இடையில் கம்பி. யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். ஒன்பது வருட ஆய்வு 2024-ல் வெளியானது. விளைச்சல் உச்சத்தில் இருக்கும் பருவங்களில் வந்த யானைகளில் 80 சதவிகிதத்துக்கும் மேல் வேலியிலேயே திரும்பியிருக்கின்றன. தேன் விற்ற காசு விவசாயிக்கு. வறட்சி வந்தால் தேனீக்கள் கூட்டைவிட்டுப் போய்விடும், வேலி வெறும் கம்பியாகிவிடும் என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்கிறது.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால், வடக்கு கென்யாவிலேயே, 'எங்களைச் சரியாகக் கேட்காமல் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் காப்பகம் போட்டுவிட்டார்கள்' என்று கோர்ட்டுக்குப் போன ஊர்களும் இருக்கின்றன. அதைப் படித்தபோது தாத்தாவின் குரல்தான் காதில் கேட்டது. 'ஜனங்க என்ன சொன்னாங்க?'

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். பாட்டி திட்டத் திட்ட, ஒரு ராத்திரி தாத்தாவோடு பரணில் ஏறிவிட்டேன். குளிர். கீழே ராகிக் கதிர்கள். போனில் சேமித்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். சிவப்பு உடை, கழுத்து நிறைய மணிமாலை போட்ட சம்புருப் பெண் ஒருத்தி யானைக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு மாசாமாசம் சம்பளம் வருதா?"

"வருது தாத்தா."

"யானையால காசு வர்ற வீடு ஒண்ணு... நான் கேள்விப்பட்டதே இல்லம்மா. எங்களுக்கு அவரால போன கணக்குதான் தெரியும்."

வால்பாறையைப் பற்றியும் சொன்னேன். அங்கே யானை பக்கத்தில் நின்றால் சிவப்பு விளக்கு எரியும். யானையைப் பார்க்கும் ஊர்க்காரரே போன் அடித்து அந்த விளக்கை எரியவிடலாம். எஸ்.எம்.எஸ் வரும். தேனீ வேலியை இலங்கையில் சோதித்துப் பார்த்திருப்பதையும் சொன்னேன்.

"தேனீ நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்குமான்னு பாக்கணும். விளக்கு பரவாயில்ல. யானை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா நான் ஏன் ஓடப்போறேன்? அன்னிக்குத் தெரியாமத்தானே எதுர்ல போனேன்..."

இடுப்பு உடைந்த ராத்திரியைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல்முறை.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். தூரத்தில் ஒரு பிளிறல். தாத்தா டப்பாவைத் தட்டவில்லை. போனை எடுத்தார். மேற்கே பரணில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் அடுத்தவரை. ஐந்து நிமிடத்தில் எட்டுப் பரணுக்கும் தகவல் போய்விட்டது. யாரும் கீழே இறங்கவில்லை. அன்று யானைகள் எங்கள் பக்கம் வரவில்லை. ஏரிக்கரையோரம் இன்னொருவரின் அரை ஏக்கர் போனது. காலையில் தாத்தா முதல் வேலையாக அவர் வீட்டுக்குத்தான் போனார்.

நிலத்தை விற்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. 'இன்னும் ஒரு போகம் பார்ப்போம்' என்று அப்பா தள்ளிப்போட்டிருக்கிறார். ஒரு கட்டுரை படித்து யாருடைய வயலும் பிழைத்துவிடாது என்று எனக்கும் தெரியும்.

என்னால் முடிந்தது என் டெஸ்க்கில்தான். போன வாரம் ஓசூர் பக்கத்திலிருந்து அதே மாதிரி ஒரு தகவல் வந்தது. 'அட்டகாசம்' என்று டைப் செய்த விரலை நிறுத்தி, அழித்தேன். நம்பர் தேடிப் பிடித்து, ராகியை இழந்த அந்த விவசாயிக்கு போன் செய்தேன். இருபது நிமிடம் பேசினார். செய்தி போக லேட் ஆனது. ட்ராஃபிக்கும் சுமார்தான்.

சாயங்காலம் தாத்தாவிடமிருந்து போன் வந்தது.

"படிச்சுக் காட்டினாங்கம்மா. அவரு சொன்னதை அப்படியே போட்டிருக்கியே... அது சேதி!"