டெட்லைன்

புனேக்கு வேலைக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் காதில் அதிகம் விழுந்த வார்த்தை எதுன்னு கேட்டா, யோசிக்காம 'டெட்லைன்'னு சொல்லிடுவேன். 'டெட்' தனி, 'லைன்' தனி. அது என்ன சாவுக்கோடு? யார் செத்தாங்க? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடிப் படிச்சேன். மனசே சரியில்லைங்க.

அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயம். பிடிபட்ட வடக்குப் படை வீரர்களை அடைக்க, ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் 1864-ல் தெற்குத் தரப்பு ஒரு முகாம் திறந்தது. கூரை கிடையாது. சுற்றிலும் மரங்களை நட்டு எழுப்பிய உயரமான வேலி. அதற்குச் சுமார் 19 அடி உள்ளே, தாழ்வாக ஒரு மரத்தடுப்பு. அதுதான் 'டெட் லைன்'. தாண்டினால் பரண் மேலே நிற்கும் காவலாளி சுடலாம், கேள்வி கிடையாது. உள்ளே ஓடிய ஓடை சாக்கடையாகிவிட, கொஞ்சம் தெளிந்த தண்ணிக்காகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கை நீட்டிக் குண்டடி பட்டவங்களும் உண்டு.

பதினாலு மாசத்தில் சுமார் 45,000 பேர் அங்கே அடைபட்டாங்க. ஏறக்குறைய 13,000 பேர் செத்தாங்க, பெரும்பாலும் பசியாலும் நோயாலும். முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கில் போட்டாங்க. அவர் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் இந்தக் கோடும் ஒன்று.

அப்புறம் அச்சு இயந்திரத்தில், எழுத்து சரியாகப் பதியும் எல்லைக்கு இந்தப் பெயர் வந்தது. 1920 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களில், செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரம் டெட்லைன் ஆகிவிட்டது. அங்கிருந்து நம்ம மேஜைக்கு.

நம்மகிட்டயும் ஒரு வார்த்தை இருக்கு: கெடு. வட்டிக்கடைக்காரர் கெடு வைப்பார். நேரில் போய்க் கையைப் பிசைஞ்சு நின்னா இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். கெடுவிலே பேச்சுக்கு இடமுண்டு. கோட்டிலே கிடையாது.

போன மாசம் ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். "டெட்லைன் இருக்கே, எப்படிப் போவீங்க?" என்றார் மேனேஜர். "ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கலாம் சார்" என்று சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன். கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தேன். "இளைச்சுட்டியேடா" என்றாள் அம்மா. பார்வை தெளிவாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுது :-)

வேலை ரெண்டு நாள் தாமதமா முடிஞ்சுது. யாரும் சுடலை.

ஊருக்குப் போட்ட டிக்கெட்டைக் கேன்சல் பண்ண யோசிக்கிறவங்க, அது கோடா கெடுவான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. முக்கால்வாசி கெடுதான்.