ஒற்றையாள் கச்சேரி

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

திண்டிவனத்தில் உள்ள எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடையாது. அரிசி மூட்டைக்கும் அம்மாவின் தையல் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மூலை உண்டு. அந்த மூலையில்தான் என் இசைக்குழு இயங்கி வருகிறது. குழுவின் தலைவர், உறுப்பினர், பொருளாளர் எல்லாம் அடியேன் ஒருவனே. சொத்து என்று பார்த்தால் பழைய கணினி ஒன்று, சிறுவர்கள் வாசிக்கும் சிறிய கீபோர்டு ஒன்று, ஒரு கைப்பேசி, ஒரு ஹெட்போன். ஹெட்போனின் இடப்பக்கம் நினைத்தபோது ஊமையாகிவிடும்.

வாத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. குக்கரின் விசில் எனக்கு நாதசுரம்; தையல் இயந்திரம் தாளம். நாள்தோறும் ரயிலில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று எண்ணிக்கொண்டே விழுப்புரத்துக்குக் கல்லூரி வருகிறேன் அல்லவா? தண்டவாளங்களை நீள நீளமாகப் பற்றவைத்து இணைத்துவிட்டதால் பழைய ‘தடக் தடக்’ இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் விழுப்புரம் சந்திப்பை நெருங்கித் தடங்கள் பிரியும் இடத்தில் சக்கரங்கள் ஏறி இறங்கும்போது ஒரு நடை கேட்கும் பாருங்கள்! அதைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஒரு பெரியவரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். வசவும் பதிவாகியிருக்கிறது.

“பட்டம் வாங்கிப் பி.எட். சேர வேண்டியவனுக்கு இது எதற்கு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இம்மலரில் எழுத இயலாது. ஆயினும் எனக்கு முன்னோர் உண்டு என்பதை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்றொருவர் இருந்தார். இந்தித் திரைப்படங்களில் பிறர் அமைத்த பாடல்களுக்கு வாசித்துப் பிழைத்த கலைஞர். 1982-ஆம் ஆண்டில் ரோலண்டு என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளை மட்டும் துணையாகக் கொண்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் தாமே வாசித்து இசைத்தட்டாக்கினார். தபலாக்காரர் இல்லை, தம்பூராவுக்கும் ஆள் இல்லை. அக்கருவிகளில் ஒன்றான டிபி-303-இன் கதை சுவையானது. பேஸ் கிதார் வாசிக்கத் துணை கிடைக்காதவருக்காகவே செய்யப்பட்ட சிறு பெட்டி அது. ஆனால் பேஸ் கிதார் போல அது ஒலிக்கவில்லை. வாங்குவோர் இல்லாமல் 1984-இல் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். எனினும் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. நம் கமகத்துக்கு அது தூரத்து உறவு என்று என் காதுக்குப் படுகிறது. இசை அறிந்த பேராசிரியர்கள் மறுக்கலாம். அந்தத் தட்டில் உள்ள பூபாலி நம் மோகனம்; மால்கௌன்ஸ் நம் இந்தோளம்.

அன்று அதைப் பெரிதாகக் கேட்பாரில்லை. 1987-இல் சிகாகோ இளைஞர்கள் சிலர் அதே டிபி-303-ஐக் கொண்டு ‘ஆசிட்’ என்னும் நடன இசையைத் தொடங்கி வைத்தனர். 2010-இல் சிங்கின் தட்டு மறுபடி வெளியானபோதுதான், இவர் ஐந்து ஆண்டு முந்திக்கொண்டாரே என்று உலகம் வியந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. 2015-இல் காலமானார்.

இன்னொருவர் நம்மவர், மாதங்கி அருள்பிரகாசம். இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறு வயதைக் கழித்து, போரின் காரணமாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். எம்சி-505 என்னும் தாளப்பெட்டியையும் நான்கு தடமுள்ள ஓர் ஒலிநாடாக் கருவியையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே தம் முதற்பாடல்களை உருவாக்கினார். 2005-இல் வந்த முதல் தொகுப்புக்கு ‘அருளர்’ என்று தம் தந்தையின் இயக்கப் பெயரையே சூட்டினார்.

நிற்க. இவர்களைப் பற்றியெல்லாம் நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எங்கள் பெரியப்பா வந்து உட்கார்ந்தார்.

பெரியப்பா பம்பைக்காரர். மரத்தாலான முழவும் வெண்கல முழவும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட இரட்டை வாத்தியம் பம்பை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு மேல்மலையனூர் அமாவாசை இரவுகளில் விடிய விடிய அடித்தவர். எங்கள் தெரு அம்மன் கோயிலில் மாலைப் பூசைக்கும் அவர்தான் அடிப்பார். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் அக்கோயிலுக்கு மின்மேளம் வாங்கிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுழன்று முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளும். அதற்குக் கூலி வேண்டாம். வெற்றிலை பாக்கும் வேண்டாம். பெரியப்பாவுக்கு இப்போது ஆடி மாதத்தில் மட்டுந்தான் அழைப்பு.

என் கணினித் திரையைச் சற்று நேரம் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை.

“ஏன்டா, உன் மெஷினும் கோயில் மெஷினும் அண்ணன் தம்பியா?”

எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு ஒரு வேலையும் ஓடவில்லை. பத்து நாள் கழித்து, “உங்கள் பம்பையைப் பதிவு செய்துகொள்ளட்டுமா?” என்று கேட்டேன். ஒரு மாதம் பிகு செய்துவிட்டு ஒப்புக்கொண்டார். புழக்கடையில் நின்று அரைமணி நேரம் அடித்தார். முருங்கை மரத்துக் காகங்கள் ஓடிப்போயின.

அதைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது, இடக்கை அடிகள் கோட்டைவிட்டு மயிரிழை பிந்தியிருந்தன. வயதாகிவிட்டது, பாவம் என்று எண்ணினேன். எல்லா அடிகளையும் கோட்டின்மேல் இழுத்து நிறுத்தும் வசதி உண்டு. ஒரு விசையை அழுத்தினால் போதும். அழுத்தினேன். பிறகு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. யாரு அடிச்சது?”

“நீங்கதான் பெரியப்பா.”

“என் எடது கை எங்கடா போச்சு?”

செய்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அது தப்பு இல்லடா. உடுக்கைக்காரன் வந்து சேர எடம் விட்டு அடிக்கிறேன். இப்படி அடைச்சு வெச்சா அவன் எங்க நுழைவான்?”

அவருடைய உடுக்கைக்காரர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அழுத்திய விசையை அன்றே திருப்பினேன். பிந்திய அடிகள் பிந்தியபடியே இருக்கின்றன. அந்த இடைவெளியில் விழுப்புரம் தண்டவாள ஓசையை வைத்துப் பார்த்தேன். “ரயிலு பரவாயில்லை, விசில எடு” என்றார். எடுத்துவிட்டேன். பாட்டின் பெயருக்குக் கீழே இப்போது இரண்டு பேர். பொருளாளர் பதவியையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். கணக்கில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிறுதோறும் பதிவு நடக்கிறது. மாலை ஆறரைக்குக் கோயிலில் மின்மேளம் தொடங்கிவிடும். அந்த இரைச்சலில் எதுவும் பதியாது. அது ஓயும்வரை, பம்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவும் நானும் திண்ணையில் காத்திருப்போம்.