வளையும் சங்கிலி, வளையாத சங்கிலி

கொழுப்பை ஆராய்கிறவர்களுக்குப் பாதி நாள் பிரித்தெடுப்பதிலேயே போய்விடும். திசுவோ பிஸ்கட்டோ எதுவானாலும் அரைத்து, குளோரோஃபார்ம் இரண்டு பங்கும் மெத்தனால் ஒரு பங்கும் சேர்ந்த கலவையில் குலுக்குவோம். உப்புநீர் விட்டதும் அது இரண்டடுக்காகப் பிரியும். கொழுப்பு கீழ் அடுக்கில் இருக்கும். அதை நைட்ரஜன் வாயுவில் உலர்த்த வேண்டும், காற்று பட்டால் சாம்பிள் கெட்டுவிடும். பிறகு மெத்தில் எஸ்டராக மாற்றி ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கருவியில் செலுத்தினால், ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் தனித்தனிப் பீக்காகத் திரையில் எழும்.

இத்தனை வருடத்திலும் எனக்கு அலுக்காத விஷயம் ஒலியிக் அமிலமும் எலைடிக் அமிலமும்தான். இரண்டிலும் 18 கார்பன்கள், அதே இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒலியிக்கில் சங்கிலி அந்த இடத்தில் வளைகிறது, எலைடிக்கில் ஏறக்குறைய நேராகவே போகிறது. முன்னது சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பின்னது கிட்டத்தட்ட 45 டிகிரி வரை கட்டியாகவே கிடக்கும். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை முழுதாக ஏற்றாமல் பாதியில் நிறுத்தும்போது இந்த நேர்ச்சங்கிலிகள், அதாவது டிரான்ஸ் கொழுப்புகள், உண்டாகின்றன. பழைய வனஸ்பதி கட்டியாக நின்றதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. சில டிரான்ஸ் வகைகள் ஒலியிக்கின் பீக்குக்குள்ளேயே புதைந்துகொள்ளும். 100 மீட்டர் நீளமுள்ள நுண்குழாயும் பொறுமையும் இல்லாதவர் இருப்பதைவிடக் குறைத்தே கணக்குக் காட்டுவார்.

கொழுப்பு ஆய்வாளர் ஃப்ரெட் கும்மரோவிடம் அப்படிப்பட்ட குழாய் இல்லை. 1914இல் பெர்லினில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவின் மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1950 முதல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இறந்தவர்களின் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு தங்கியிருப்பதை அவரும் சக ஆய்வாளர்களும் கண்டு, 1957இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். தின்றது உடம்பில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது நேரடியான சாட்சி.

கேட்பார் இல்லை. அப்போது எல்லோருடைய கண்ணும் நிறைவுற்ற கொழுப்பின் மீதும் கொலஸ்ட்ரால் மீதும் இருந்தது. வெண்ணெய்க்குப் பதிலாக மார்ஜரினைச் சாப்பிடுங்கள் என்று இதயத்தின் பெயரால் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் இருவரும் மனிதர்களுக்கே டிரான்ஸ் கொழுப்புள்ள உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, நல்லது இறங்கியது. அதன் பிறகுதான் காற்று திசை மாறியது. டிரான்ஸ் கொழுப்பைத் தடைசெய்யக் கோரி கும்மரோ 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் மனு கொடுத்தார். பதில் வராததால் 2013இல் வழக்கே போட்டார். அப்போது அவருக்கு வயது 98. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று 2015இல் இறுதி முடிவு வந்தது. 2017இல் 102 வயதில் அவர் காலமானார்.

முட்டையையும் முழுக்கொழுப்புப் பாலையும் கடைசிவரை விடாமல் சாப்பிட்டவர் அவர். ஆக்சிஜனேற்றம் அடைந்த கொலஸ்ட்ரால்தான் தீங்கு என்று வாதாடினார். நிறைவுற்ற கொழுப்பு விஷயத்தில் நான் அவரோடு முழுமையாக ஒத்துப்போக மாட்டேன். டிரான்ஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி, முதலிலேயே சரி. ஆய்வறிக்கை அச்சானதும் நம் வேலை முடிந்தது என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். அவர் அப்படி நினைக்கவில்லை. என் கண்ணில் அவருடைய மிகப் பெரிய சாதனை அதுதான்.

இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. விதி மட்டும் போதாது. லேபிள் இல்லாமல் விற்கும் பேக்கரிப் பண்டங்களையும் இனிப்புகளையும் யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். கருவி இருக்கிற கல்லூரிகளின் மாணவர்களே, உங்கள் தெருக்கடைச் சாம்பிளை எடுத்துப் பாருங்கள். எண் கூடுதலாக வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.