வட கரேலியாவில் ஒரே சட்டி

ஹெல்சிங்கியில் ரயில் ஏறினால் நாலரை மணித்தியாலத்தில் யோயென்சூ. வழி முழுக்க பைன் மரமும் பேர்ச் மரமும், இடையிடையே ஏரி. ரஷ்ய எல்லைக்குக் கிட்ட இருக்கிற பின்லாந்தின் வட கரேலியாவுக்கு இதுதான் தலைநகர். ஒஸ்லோவில் எங்கட சனம் கோடை லீவுக்கு லண்டனுக்குப் போகும், ஸ்பெயினுக்குப் போகும். இங்கே போன ஒருவரையும் எனக்குத் தெரியாது. நாங்கள் போனதுக்குக் காரணம் அப்பாவின் இதயம்.

மார்ச் மாதம் அவருக்கு மாரடைப்பு வந்தது. வயது 63. ஸ்டென்ட் வைத்து, சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அடைப்பு எடுத்தாச்சு, இனி என்ன?" என்பதுதான் அப்பாவின் நிலைப்பாடு. ஸ்டென்ட் குருதிக்குழாயில் ஒரு இடத்தைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். அந்த அடைப்பை உண்டாக்கின கொழுப்பையோ, பிரஷரையோ, சீனியையோ அது தொடாது. டொக்டர் சொன்னார், நேர்ஸ் சொன்னா, நானும் சொன்னேன். அப்பா தலையாட்டினார். இதய நோயாளருக்கான உடற்பயிற்சி வகுப்புக்கு இரண்டு கிழமை போனார். பிறகு வெளியில் பனி வழுக்குது எண்டார், முழங்கால் நோகுது எண்டார்.

அம்மா அவருக்கெண்டு தனிச்சட்டி வைத்தா. உப்புக் குறைச்சு, தேங்காய்ப்பால் இல்லாமல். மற்ற எல்லாருக்கும் வழமையான சட்டி. எத்தனையோ தமிழ் வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். வருத்தக்காரருக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி. அப்பா எங்கட கோப்பையைப் பார்த்தபடியே தன்ர சோற்றைப் பிசைவார்.

வட கரேலியாவின் கதை இந்தத் தனிச்சட்டிக்கு நேர் எதிர். 1960களில் இங்கே ஆண்கள் 40, 50 வயதில் மாரடைப்பால் விழுந்துகொண்டிருந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் அதுவும் ஒன்று. போருக்குப் பிறகு காடு வெட்டி, சின்னத் துண்டு நிலத்தில் மாடு வளர்த்த சனம். முழுக் கொழுப்புப் பால், பாணில் தடிப்பாகப் பட்டர், பன்றி இறைச்சி, நிறைய உப்பு. ஆண்களில் பாதிப்பேர் புகைத்தார்கள். மரக்கறி மாட்டுக்கும் முயலுக்கும் உரியது என்ற எண்ணம் வேறு. காடு வெட்டுகிறவனுக்கு இதய வருத்தம் வராது எண்டு நாங்கள் நினைப்போம். உடம்பு உழைப்பு மட்டும் காப்பாற்றவில்லை என்பதை இந்த ஊர் காட்டியது.

1971இல் ஊர்ப் பிரதிநிதிகள் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1972இல் திட்டம் தொடங்கியது. பொறுப்பாக வந்த பெக்கா புஸ்காவுக்கு அப்போது இளம் வயசு. அவருடைய குழு நோயாளிகளைத் தேடிப் பிடித்து மட்டும் புத்தி சொல்லவில்லை, ஊர் முழுவதையும் மாற்றப் பார்த்தது. மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு சேர்ந்து பின்னேர விருந்துகள் வைத்தார்கள். பழைய கரேலிய இறைச்சிக் கறியில் கொழுப்பைக் குறைத்து, கிழங்கும் கரட்டும் கூட்டிச் சமைத்துச் சாப்பிடக் கொடுத்தார்கள். சொசேஜ் செய்கிறவர்களோடு கதைத்து உப்பையும் கொழுப்பையும் குறைப்பித்தார்கள். பட்டர் போய் கனோலா வகை எண்ணெய் வந்தது. பால் பண்ணைக்காரர் சிலர் பெர்ரி பயிரிடப் போனார்கள். கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்ட்ரோல் குறைக்கிற போட்டிகூட நடந்தது! ஒரு தலைமுறைக்கு மேலான காலத்தில், வேலை செய்கிற வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மருந்தும் சிகிச்சையும் முன்னேறினதும் அதில் ஒரு பங்கு. ஆனால் பெரிய பங்கு சாப்பாட்டுக்கும் புகையை விட்டதுக்கும்தான்.

யோயென்சூ சந்தையில் அம்மா ஒரு கடை வாசலில் நின்றுவிட்டா. கர்யாலன்பீரக்கா எண்டு ஒரு பலகாரம். ரை மாவில் மெல்லிய தோல், உள்ளே அரிசிக் கஞ்சி, ஓரம் சுருக்கிச் சுருக்கி அழகாக மடித்திருக்கும். "இது எங்கட பால்சோறு தானே பிள்ளை, கொழுக்கட்டை மாதிரிச் சுத்தி வைச்சிருக்கினம்." மேலே முட்டையும் பட்டரும் கலந்து பூசுவது வழக்கம். அம்மா பூசாமல் வாங்கினா. பிள்ளையள் பூசினதை வாங்கினார்கள்.

கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். அவவின் சுவீடிஷும் என்ர நோர்வேஜியனும் ஒருமாதிரிச் சந்தித்தன. அவவின் தகப்பன் 48 வயசில் காட்டில், வாளும் கையுமாக விழுந்து செத்தாராம். தமையனுக்கு இப்ப 79, குளிர்காலத்தில் இன்னும் பனிச்சறுக்கப் போறாராம். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அப்பா கேட்டார்: "தமையன் தனியச் சமைக்கிறவராமோ?" நான் கேட்டேன். அவ சிரித்தா. தமையனுக்கு ஒரு சட்டியும் வைக்கத் தெரியாது, அவரின் மனைவி மாறினதால் அவரும் மாறினார் எண்டு சொன்னா.

அப்பா ஒண்டும் சொல்லவில்லை. அம்மாதான் என்னைப் பார்த்தா.

அங்கிருந்து கோலிக்கு 70 கிலோமீற்றர் அளவு, கார் எடுத்துப் போனோம். 347 மீற்றர் உயரக் குன்று, கீழே பியெலினென் ஏரி, தீவு தீவாக. ஓவியர்களும் இசைமேதை சிபேலியஸும் வந்து போன இடம். பின்லாந்துக்காரர் இதைத் தங்கட தேசியக் காட்சி எண்டு கொண்டாடுகிறார்கள், அதில் தப்பில்லை. உச்சிக்குப் படிகள் இருக்கின்றன. டொக்டர் சொன்ன அளவுகோல் சுலபமானது: நடக்கும்போது கதைக்கக்கூடிய வேகம். பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அம்மப்பா, கதையுங்கோ, கதையுங்கோ" எண்டு ஒவ்வொரு படியிலும் கரைச்சல். அவர் 1980களின் கடைசியில் நோர்வேயின் வடக்கில், பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த கதையைத் தொடங்கினார். இரண்டு வேலை மாறி மாறிச் செய்தது, நித்திரை இல்லாமல் நிண்டது, குளிருக்குச் சிகரெட் பழகினது. நான் கேட்காத கதைகள். நாலு தரம் இருந்து எழும்பி, மேலே வந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு அளவு நாடாவை எடுத்துப் பாருங்கோ. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்றிமீற்றர் தாண்டினாலே கவனம் தேவை, ஐரோப்பியருக்கு அது 94. மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் முன்னுக்கு என்பது எங்கட ஆட்களில் சாதாரணம். அதுதான் ஆபத்து. பட்டர் கெட்டது எண்டு விடுகிற நாங்கள் தேங்காய் எண்ணெயை "இயற்கை" எண்டு ஊற்றுவோம். நிறைவுற்ற கொழுப்பு பட்டரைவிடத் தேங்காய் எண்ணெயில்தான் கூட. எங்கட பிறந்தநாள் மேசையையும் யோசியுங்கோ: ரோல்ஸ், பற்றீஸ், கொத்து, பெரிய போத்தல் கோலா. பிள்ளையள் வளர்கிற சாப்பாடு அதுதான்.

இப்போது வீட்டில் ஒரே சட்டி. சொதிக்கு இரண்டாம் பாலும் கொஞ்சம் பசுப்பாலும். பொரிச்ச மீன் இல்லை, அவனில் வைத்த மீன். சோறு குறைவு, பயறும் கீரையும் கூட. முதல் மாதம் என் மகன் முகத்தைச் சுளித்தான், என் கணவர் வாய் திறக்காமல் சுளித்தார். அப்பா பின்னேரம் ஆறு மணிக்குச் சப்பாத்துப் போடுகிறார், பெரியவள் கூடப் போகிறாள். வகுப்புக்கும் திரும்பப் பதிந்திருக்கிறார்.

எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் மட்டும் இன்னும் மேசையில்தான் இருக்கு. பேச்சுவார்த்தை நடக்குது.