சுண்டெலியும் மிஸ்டர் டார்சியும்

ஆங்கில இலக்கியம் படிக்கிற எங்களுக்கு டார்சியை நல்லாத் தெரியும். 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகன். பெரிய காசுக்காரன், அதைவிடப் பெரிய தலைக்கனம். அவருடைய பேரை ஒரு புரதத்துக்கு வைச்சிருக்கினம், அதுவும் ஆண் சுண்டெலியின் மூத்திரத்தில இருக்கிற புரதத்துக்கு! முதலில் சிரித்தோம், பிறகுதான் தேடி வாசித்தோம்.

'டார்சின்' என்ற அந்தப் பேரை வைத்தது லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் குழு, 2010இல். ஆண் சுண்டெலி போற வாற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டு அடையாளம் வைக்கும். டார்சின் காற்றில் பறந்து வராது. பெண் எலி கிட்டப்போய் மூக்கை வைக்கவேணும். வைத்தால் அவளுக்குப் பிடித்துப்போகும். அதுக்குப் பழக்கம் ஒன்றும் தேவையில்லை. ஆனால் எங்களை நிமிர்ந்து இருக்க வைத்தது அடுத்த விஷயம். மூக்குப் பட்ட அந்த நேரத்தில், அந்த ஒருத்தனுக்கே உரிய மணத்தையும் அவள் சேர்த்துப் பாடமாக்குகிறாள். பிறகு அந்த மணம் தூரத்தில் வந்தாலே காணும். இடமும் மறவாது: ஒரே ஒரு தரம் முகர்ந்த இடத்தை 14 நாள் கழித்தும் தேடிப் போகிறாள் என்று 2012இல் அதே குழு காட்டியது. ஆண் மணம் பிடிப்பது உடம்போடு வந்தது. எந்த ஆண் என்பது அவளாகப் படித்து எடுப்பது.

அதுக்காக எலியின் வாழ்க்கையைப் புகழவும் ஏலாது. புதிதாகச் சினைப்பட்ட பெண் எலியை முன்பின் தெரியாத ஆணோடு விட்டால் கரு தங்காமல் போகிறது என்று 1959இல் ஹில்டா புரூஸ் எழுதினார். ஆள்கூட வேண்டாம், அவனுடைய மணமே காணுமாம். இது அவன் செய்கிற அழிவா, குட்டிகளைக் கொல்லக்கூடிய புதியவனைக் கண்டு அவள் உடம்பு போடுகிற கணக்கா? ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகினம். நாங்களும் ஒரு இரவு முழுக்க வாதாடினோம்.

தமிழில் வாசனைக்கும் கலியாணத்துக்கும் 'மணம்' என்று ஒரே சொல்தான். எங்களில் ஒருத்திக்கு அந்தக் கிழமை வீட்டில பேச்சுக்கால் நடந்தது. சாதகம் பொருந்திட்டுதாம், மாப்பிள்ளை கனடாவாம், படம் வட்ஸ்அப்பில வந்தது.

"எலிக்குக்கூட ஒருக்கா மணந்து பாக்கக் கிடைக்குது" என்றாள். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. எலிசபெத்கூட டார்சி முதல் தரம் கேட்டபோது மாட்டன் எண்டுதானே சொன்னவள், ஆளை அறிய அவளுக்கு அரைவாசி நாவல் தேவைப்பட்டது என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தோம். எலிக்கதையை அம்மாவிடம் எடுக்கவேண்டாம் என்றும் சொன்னோம்.

அவள் வீட்டுக்குக் கோல் எடுத்து, பெடியன் ஊருக்கு வந்து நேரில கதைச்சால்தான் முடிவு சொல்லுவன் எண்டிட்டாள். அம்மா இன்னும் பதில் சொல்லேல்ல.